சும்மா ஒரு சாயங்காலம்

மந்தைவெளி. இரண்டாம் மாடி. தை மாதத்துச் சனிக்கிழமை. சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு இருபது.

கட்டில் கண்ணுக்குத் தெரியவில்லை. அதன் மேல் ஏழு புடவைகள், இரண்டு குர்த்தி, ஒரு ஜீன்ஸ். ஜீன்ஸில் விலைச்சீட்டு இன்னும் தொங்குகிறது. மகள் பிடிவாதம் பிடித்து வாங்கித் தந்தது. போன தீபாவளிக்கு முந்தைய தீபாவளி.

தலையணை மேல் செல்போன். கல்லூரித் தோழிகள் நாலு பேர் மட்டும் இருக்கும் வாட்ஸ்அப் குழு. கடைசியாக வந்திருக்கும் வரி: 'ஆறரைக்கு பெசன்ட் நகர் பீச். விசேஷம் ஒண்ணும் இல்ல. சும்மா வாங்கடி.' அதன் கீழே மூன்று கட்டைவிரல்கள்.

இந்த 'சும்மா'தான் பாடு படுத்துகிறது.

கல்யாணம் என்றால் பட்டு. கோயில் என்றால் கரை வைத்த சில்க் காட்டன். துக்க வீடு என்றால் வெளிறிய பருத்தி. அலுவலகத்துக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை சுழற்சி முறையில் பன்னிரண்டு சுடிதார்கள். எதற்கும் யோசனை வேண்டாம். கை தானாகப் போகும். சும்மா வெளியே போவதற்கென்று மட்டும் பீரோவில் தட்டு கிடையாது.

இரும்பு பீரோ. மேல் தட்டில் பட்டுப் புடவைகள், பழைய வேட்டித் துணியில் சுற்றி. நடுத்தட்டில் விசேஷ வீடுகளில் வைத்துக் கொடுத்தவை. சில உறை பிரியாமல் இருக்கின்றன. இன்னொரு விசேஷத்தில் இன்னொருவருக்குப் போய்ச் சேரக் காத்திருக்கின்றன. கீழ்த்தட்டில் பருத்தி. அதை எடுக்கக் குனிய வேண்டும். முழங்கால் ஒரு சத்தம் கொடுக்கிறது.

அவளுக்கு வயது 51.

கறுப்பு குர்த்தியைத் தோளில் வைத்துக் கண்ணாடி முன் நிற்கிறாள். பக்கவாட்டில் திரும்புகிறாள். இன்னொரு பக்கம் திரும்புகிறாள். குர்த்தி கட்டிலுக்குப் போகிறது.

வெள்ளிக்கரை லினன் புடவை. கசக்கிப் பார்க்கிறாள். கசங்கிய இடம் கசங்கியே நிற்கிறது. கட்டிலுக்குப் போகிறது.

சன்னமான ஜரிகைப் புட்டா போட்ட ஆகாய நீலம். முந்தானையை விரிக்கிறாள். வாசல் வழியாகப் போகும் மகள் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போகிறாள். "ரிசப்ஷன்." அதுவும் கட்டிலுக்குப் போகிறது.

கீழ்த்தட்டின் கடைசியில் கை நுழைகிறது. வெளியே வருவது ஒரு கண்டாங்கி. கடுகு மஞ்சள் உடல், அரக்குக் கட்டம், உள்ளங்கை அகலத்துக்குக் கரை. ஜரிகை ஒரு இழை கூட இல்லை. காரைக்குடிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் வாங்கியது. அந்த நெசவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தப் புடவை அதற்கும் மூத்தது.

கண்டாங்கி புதுசில் விறைக்கும். கோரைப்பாய் மாதிரி நிற்கும், இடுப்பில் உட்காராது. துவைக்கத் துவைக்கத்தான் உடம்புக்கு வரும். இது வந்திருக்கிறது. கையில் எடுத்ததும் மடிப்பு தளர்ந்து முழங்கையில் வழிகிறது. அவள் அதை முகத்துக்கருகே கொண்டு போகிறாள். வெயிலில் காய்ந்த பருத்தியின் வாசம்.

கட்டிலில் இருந்த மற்ற எல்லாவற்றையும் ஒரு பக்கம் தள்ளுகிறாள்.

ஹாலிலிருந்து கணவரின் குரல். "ரெடியா?"

"ரெண்டு நிமிஷம்ங்க."

மணி நாலு ஐம்பது.

புடவைக்கென்று தைத்த அரக்கு பிளவுஸ் ஹேங்கரில் தொங்குகிறது. இஸ்திரி போட்டது. அதைத் தொடுகிறாள், விடுகிறாள். அடியிலிருந்து வேறொன்றை உருவுகிறாள். கரும்பச்சை. மேலே வெள்ளைப் புள்ளிகள். மதுரைச் சுங்குடி.

அம்மாவின் புடவை. கீழ்ப்பக்கம் கிழிந்துபோனதும் முந்தானைப் பக்கத்தை வெட்டித் தைத்தது. ஒவ்வொரு புள்ளியும் கையால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் தோய்த்தது. அதனால் ஒன்று போல் இன்னொன்று இல்லை. ஒரு புள்ளி சதுரமாகச் சாய்கிறது. பக்கத்துப் புள்ளி நீள்கிறது. சிலவற்றின் நடுவில் ஊசிமுனை அளவுக்குப் பச்சை இருக்கிறது, முடிச்சின் நுனியில் சாயம் ஏறிய இடம். அச்சடித்த சுங்குடியில் இந்தக் கோணல்கள் கிடையாது.

கடுகு மஞ்சளுக்கும் கரும்பச்சைக்கும் உறவில்லை. இரண்டையும் கட்டிலில் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துவிட்டு அவள் இரண்டடி பின்னால் போகிறாள். தலையைச் சாய்க்கிறாள். உறவு இருக்கிறது.

பிளவுஸுக்கு ஐந்து கொக்கி. கீழிருந்து போடுகிறாள். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதற்கு மூச்சை உள்ளே இழுக்க வேண்டியிருக்கிறது. ஐந்தாவது கொக்கிக்கும் அதன் வளையத்துக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. மூச்சை விடுகிறாள். நாலாவது கழன்றுகொள்கிறது.

கண்ணாடியில் தன்னை ஒரு நிமிஷம் பார்க்கிறாள். பிறகு பிளவுஸைக் கழற்றி உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புகிறாள்.

மகள் ஆறாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் தைத்தது. மார்க்கெட் பக்கத்துச் சந்தில் இருந்த தையற்காரர் கொடுக்கும்போதே சொன்னார், "உள்ள துணி விட்டிருக்கேன்மா. பின்னாடி பிரிச்சுக்கலாம்." அக்குளிலிருந்து இடுப்பு வரை பக்கத்துக்கு மூன்று தையல். ஒன்றுக்கொன்று கால் அங்குலம் தள்ளி, ரயில் தண்டவாளம் போல.

முதல் தையல் இப்போது இல்லை. மகள் பிளஸ் டூ எழுதிய வருஷம் பிரித்தது. அது ஓடிய இடத்தில் வரிசையாக ஊசித் துளைகள் மட்டும் இருக்கின்றன.

மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொள்கிறாள். ஜன்னலோரத்து நாற்காலி. கணவரின் அலமாரியிலிருந்து பாதி பிளேடு. காகிதத்தில் மடித்துப் பிடித்த அதன் முனையை இரண்டாவது தையலின் அடியில் நுழைக்கிறாள். ஒரு கண்ணி அறுகிறது. இரண்டு கண்ணி விட்டு இன்னொன்று. அவசரப்பட்டால் துணி கிழியும். அவள் அவசரப்படுவதில்லை. கொஞ்ச தூரம் அறுத்ததும் நூலின் நுனியைப் பிடித்து இழுக்கிறாள். சரசரவென்று நூல் முழுசாகக் கையோடு வருகிறது. இன்னொரு பக்கமும் அப்படியே.

ஒரு தையலுக்குக் கால் அங்குலம். முன்துணி, பின்துணி இரண்டிலும் விடுவதால் அரை அங்குலம். இரண்டு பக்கமும் சேர்த்து ஓர் அங்குலம்.

பிரிந்த இடத்தில் கால் அங்குலப் பட்டை ஒன்று தெரிகிறது. மற்ற துணியைவிட அடர்ந்த பச்சை. வெயிலும் சோப்பும் படாமல் உள்ளே மடிந்தே கிடந்த துணி. அம்மா வாங்கியபோது புடவை முழுக்க இந்த நிறத்தில்தான் இருந்திருக்கும். அவள் அந்தப் பட்டையைக் கட்டைவிரலால் மேலும் கீழும் தடவுகிறாள்.

அறுந்த நூல்துணுக்குகள் மடியில். ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் காகிதத்தில் வைத்து மடிக்கிறாள்.

ஐந்து கொக்கியும் விழுகின்றன. கையைத் தூக்கிப் பார்க்கிறாள். முன்னால் நீட்டிப் பார்க்கிறாள். ஒரு பெருமூச்சு விட்டுப் பார்க்கிறாள். நிற்கிறது.

"ரெடியா?"

"ரெண்டு நிமிஷம்ங்க."

ஐந்து முப்பது.

கண்மைக்கு மூக்குக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். கழற்றினால் கண் தெரியாது. கண்ணாடிக்கு வெகு அருகே முகத்தைக் கொண்டு போகிறாள். மூச்சு பட்டுக் கண்ணாடி மங்குகிறது. துடைக்கிறாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு இடது கண். மூச்சை விட்டுத் திரும்பப் பிடித்து வலது கண்.

லிப்ஸ்டிக் போடுகிறாள். காகிதக் கைக்குட்டையை உதடுகளுக்கு நடுவே வைத்து அழுத்துகிறாள். நிறத்தில் முக்கால்வாசி காகிதத்துக்குப் போகிறது. மிச்சம் போதும் என்பது போலத் தலையாட்டுகிறாள்.

நெற்றிக்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் நரை. 2020-ல் எல்லோரும் வீட்டுக்குள் இருந்த மாதங்களில் சாயம் பூசுவது நின்றது. அதன் பிறகு தொடரவில்லை. முதலில் உறவினர்கள் கேட்டார்கள். பிறகு விட்டுவிட்டார்கள். சீப்பு அந்த நரையை மறைக்காமல், அப்படியே பின்னால் வாரிக்கொண்டு போகிறது. கழுத்தருகே தளர்ந்த கொண்டை. இரண்டு கொண்டை ஊசி. காதோரம் தப்பிய மயிரை உள்ளே தள்ளுகிறாள். அது திரும்ப வருகிறது. இந்த முறை விட்டுவிடுகிறாள்.

கண்ணாடியின் வலது விளிம்பில் ஸ்டிக்கர் பொட்டுகள். கடுகளவிலிருந்து கால் ரூபாய் அளவு வரை. பெரியதை எடுக்கிறாள். ஒட்டுகிறாள். ஒரு நூல் இடது பக்கம் நகர்த்துகிறாள்.

அடுத்தது நகைப் பெட்டி. ஜிமிக்கி ஏறுகிறது. தலையை ஆட்டிப் பார்க்கிறாள். இறங்குகிறது. பவழ மாலை ஏறுகிறது, பொத்தான் போல நிற்கும் சுங்குடிப் புள்ளிகளுடன் சண்டை போடுகிறது, இறங்குகிறது. கல் மோதிரம் இறங்குகிறது. அன்றாடம் போடும் கல்தோடு காதில் இருக்கிறது. தாலிச்சங்கிலி பிளவுஸுக்குள் இருக்கிறது. இரண்டு தங்க வளையல் இடது கையில் இருக்கின்றன. அவை சோப்பு போட்டால்தான் கழலும்.

வலது கை வெறுமையாக இருக்கிறது. அதைப் பார்க்கிறாள்.

அடி அறையில் ஒரு சின்ன டப்பா. திறந்தால் அப்பாவின் எச்எம்டி கைக்கடிகாரம். வெள்ளை முகம். '17 ஜுவல்ஸ்' என்று பொடி எழுத்து. அந்தக் கம்பெனியின் கடிகாரப் பிரிவை மூடி வருஷங்கள் ஆகிவிட்டன. கடிகாரத்துக்கு அது தெரியாது. ஆட்காட்டி விரலும் கட்டைவிரலும் சாவியைப் பிடிக்கின்றன. கர், கர், கர். இருபது முறை. காதருகே வைக்கிறாள். ஓடுகிறது. ஆண்கள் வாட்ச், பெரிய வட்டம், பழுப்புத் தோல்வார். கடைசித் துளைக்குப் பிறகு செருப்புக் கடையில் போட்டு வாங்கிய இன்னொரு துளை. அந்தத் துளையில் மாட்டுகிறாள்.

புடவை ஐந்தரை மீட்டர். ஒரு சுற்று சுற்றிச் சொருகி, முந்தானையைத் தோளில் விட்டு, கொசுவம் எடுக்கிறாள். கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே மடிப்பு மடிப்பாகச் சேருகிறது. தடித்த பருத்தி. ஏழு மடிப்பு வரவேண்டிய இடத்தில் ஐந்துதான் நிற்கும்.

மகள் வருகிறாள். கேட்காமலே தரையில் மண்டியிடுகிறாள். கீழ்மடிப்புகளை ஒவ்வொன்றாகப் பிடித்து நீவுகிறாள்.

"நில்லும்மா. ஆடாத."

பள்ளி ஆண்டுவிழாக்களில், இதே அறையில், மேலிருந்தவளும் கீழிருந்தவளும் இடம் மாறி இருந்தார்கள். வார்த்தை அதேதான்.

"பின்னு?" என்று மகள் கை நீட்டுகிறாள். தட்டில் ஆறு ஊக்கு. அவள் ஒன்றை எடுத்துக் கொடுக்கிறாள். தோளுக்கு ஒன்று. இடுப்புக்கு, கொசுவத்துக்கு, முந்தானை ஓரத்துக்கு இல்லை. முந்தானை மடிப்பில்லாமல் இடது கை வழியே விழுகிறது.

மகள் எழுந்து பின்னால் போய் நின்று பார்க்கிறாள். கடுகு மஞ்சள், கரும்பச்சை, நரை, பெரிய பொட்டு, அப்பாவின் வாட்ச். செல்போனை எடுக்கிறாள். படம் பிடிக்கிறாள். ஒன்றும் சொல்லவில்லை.

ஹால். தொலைக்காட்சியில் சீரியல். சோபாவில் மாமியார், மடியில் முறம், முறத்தில் மல்லிகை. கை கட்டிக்கொண்டே இருக்கிறது. கண் மட்டும் மருமகளின் பாதத்திலிருந்து மேலே ஏறுகிறது. கழுத்தில் நிற்கிறது.

"கழுத்துல ஒண்ணும் போட்டுக்கலையா?"

"போதும்மா. பீச்சுக்குத்தானே."

மாமியார் சரத்தை உயர்த்திப் பல்லால் நாரைக் கடிக்கிறார். ஒரு சாண் அளவு நீட்டுகிறார். "இதையாவது வச்சுக்கோ."

பூ இன்றைய திட்டத்தில் இல்லை. அவள் ஒரு நொடி தயங்குகிறாள். பிறகு மாமியார் முன் முதுகைக் காட்டிக் குனிகிறாள். நடுங்கும் விரல்கள் கொண்டையைச் சுற்றிச் சரத்தை ஓட்டுகின்றன. நேராக இல்லை. கொஞ்சம் ஒரு பக்கமாக இறங்கி இருக்கிறது. கண்ணாடி முன் போய் அதைச் சரி செய்யப் போகிறவள், நடுவழியில் நின்றுவிட்டுத் திரும்புகிறாள்.

கணவர் சாப்பாட்டு மேஜை முன் நாலரை மணியிலிருந்து பேப்பர் படிக்கிறார். இரண்டாம் முறையாக. நிமிர்கிறார். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்குகிறார். அதற்கு மேலாகப் பார்க்கிறார். பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

"போன்ல சார்ஜ் இருக்கா?"

"இருக்குங்க."

"ஆட்டோ சொல்லிட்டேன். கீழ நிக்குது."

வாசலில் இரண்டு ஜோடி. குதிகால் உயர்ந்த கறுப்பு. தேய்ந்த கோலாப்பூர்ச் செருப்பு. கால் முதலில் கறுப்புக்குள் நுழைகிறது. மணலை நினைத்ததோ முழங்காலை நினைத்ததோ, வெளியே வருகிறது.

ஆட்டோ தெருமுனை திரும்பும் வரை கணவர் பால்கனியில் நிற்கிறார்.

திரு.வி.க. பாலத்தில் நெரிசல். வலது பக்கம் வானம் சிவந்திருக்கிறது. மற்ற ஆட்டோக்களிலும் ஸ்கூட்டர்களிலும் சனிக்கிழமை மாலைக்கு உடுத்திய மனிதர்கள். அவள் இரண்டு முறை கொண்டையைத் தொட்டுப் பார்க்கிறாள். மூன்றாம் முறை கை மடிக்குத் திரும்புகிறது.

பெசன்ட் நகர். 1930-ல் பிறரைக் காப்பாற்றப் போய் கடலில் மூழ்கிய ஷ்மிட் என்பவரின் நினைவாகக் கட்டிய வெள்ளை மண்டபம். அதற்கு இந்தப் பக்கம் மணலில் மூன்று பேர் நிற்கிறார்கள். கையை உயர்த்தி ஆட்டுகிறார்கள்.

ஒருத்தி வெள்ளைச் சிக்கன் குர்த்தா, ஜீன்ஸ், காதளவு வெட்டிய தலை. இன்னொருத்தி ஜார்ஜெட். காற்று அவள் முந்தானையைப் பிடுங்கிக்கொண்டு போகிறது, அவள் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கிறாள். மூன்றாவது தோழி மாம்பழ நிறச் சில்க் காட்டன். நெற்றியில் விபூதி. "கோயிலுக்குப் போய்ட்டு அப்படியே வந்தேன்" என்கிறாள், யாரும் கேட்பதற்கு முன்பே.

கண்டாங்கி கனம். கடற்காற்று அதை அசைக்கிறது, தூக்கவில்லை.

"எப்படிடி! ஒண்ணுமே பண்ணாம வந்த மாதிரி இருக்கே, இவ்ளோ அழகா இருக்கே!"

"கைக்குக் கிடைச்சதை எடுத்துக் கட்டிட்டு வந்தேன்டி."

"நானும்தான்."

"நானும் அப்படித்தான் வந்தேன்."

வெள்ளைக் குர்த்தாவின் அக்குள் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் இழை நீட்டிக்கொண்டிருக்கிறது, விலைச்சீட்டு மாட்டியிருந்த இழை. பேசிக்கொண்டே அவள் தோழியின் தோளில் கை போடுகிறாள். இரண்டு விரல் இழையைப் பிடித்து அறுக்கிறது. மணலில் போடாமல் கைப்பையில் போட்டுக்கொள்கிறாள். தோழி பேச்சை நிறுத்தாமல் அந்தக் கையை ஒரு முறை அழுத்திவிட்டு விடுகிறாள்.

செருப்புகள் கைக்கு வருகின்றன. நாலு பேரும் ஈர மணலில் நடக்கிறார்கள். பேச்சு முழங்கால் வலியில் தொடங்குகிறது. பிள்ளைகளின் வேலைக்குப் போகிறது. இரவில் திடீரென்று வேர்ப்பதற்கும் அரைமணி நேரம் கழித்துக் குளிர்வதற்கும் போகிறது. ஒருத்தி சொல்ல, "எனக்கும்" என்று மூன்று குரல் வருகிறது. அதன் பிறகு கல்லூரி ஹாஸ்டல் மாடியில் நடந்த ஒரு சங்கதி. வாக்கியம் முடிவதற்குள் நாலு பேரும் சிரிக்கிறார்கள். பக்கத்தில் பட்டம் விடும் பையன் திரும்பிப் பார்க்கிறான்.

கடல் சாம்பல் நிறத்திலிருந்து கறுப்புக்குப் போகிறது.

மிளகாய் பஜ்ஜி. செய்தித்தாள் துண்டில் நாலு. எண்ணெய் எழுத்துகளைக் கரைக்கிறது. காரத்துக்கு எல்லோரும் வாயைத் திறந்து ஊதுகிறார்கள். கை துடைக்க ஒருவரிடமும் ஒன்றும் இல்லை. அவள் முந்தானையின் உள்பக்கத்தைப் பிடித்து விரல்களைத் துடைக்கிறாள். பிறகு அந்த முனையைப் பக்கத்தில் இருப்பவளுக்கு நீட்டுகிறாள். முந்தானை கைமாறிக் கைமாறிப் போகிறது.

புடவை கட்டி ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. அவள் அதைப் பார்ப்பது நின்று வெகுநேரம் ஆகிவிட்டது.

சுண்டல் விற்கும் பையனிடம் செல்போனைக் கொடுக்கிறார்கள். நாலு பேரும் ஒட்டி நிற்கிறார்கள். "ஒன், டூ" என்று அவன் எண்ணும்போது மூன்று பேர் மூச்சை உள்ளே இழுத்துப் பிடிக்கிறார்கள். ஒருத்தி பிடிக்கவில்லை. வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருக்கிறாள். காதோர மயிர் பறக்கிறது. பூச்சரம் இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

படத்தை முகத்தருகே கொண்டு போய்ப் பார்க்கிறார்கள். பிறகு நாலு பேரும் கையை நீட்டித் தள்ளி வைத்துப் பார்க்கிறார்கள்.

"பூ வாசனை இங்க வரைக்கும் வருதுடி. மல்லியா?"

"அத்தை கட்டினது."

ஒன்பது இருபது. வீடு. ஹாலில் விளக்கு அணைந்திருக்கிறது. பால்கனிக் கொடியில் கண்டாங்கி விரிகிறது. உதறும்போது மணல் விழுகிறது. வாட்ச் டப்பாவுக்குள் போகவில்லை. மேஜை மேல், நாளைக்குச் சாவி கொடுக்க வாகாக, கிடக்கிறது. பூச்சரம் மாமியாரின் அறை வாசலில் இருக்கும் பிள்ளையார் படத்தருகே.

கட்டிலில் இருந்த ஏழு புடவைகளும் பீரோவுக்குள் போயிருக்கின்றன. மடித்து வைத்தது மகளாக இருக்கலாம், கணவராகவும் இருக்கலாம். பட்டுத் தட்டில் பருத்தி ஒன்று நுழைந்திருப்பதைப் பார்த்தால், கணவர்.

நாற்காலியின் முதுகில் சுங்குடி பிளவுஸ், உள்பக்கம் வெளியே. அக்குளிலிருந்து இடுப்பு வரை பக்கத்துக்கு இரண்டு வரிசை ஊசித் துளை. ஒரு வரிசை நூல்.